ஆயில் பார்த்தாச்சா?

எண்பதுகளின் தொடக்கத்தில் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கார் வைத்திருந்த தொழிலாளர் குடும்பங்கள் மிகவும் குறைவு. பெரிய துரைக்குக் கம்பெனி கொடுத்த வண்டி இருந்தது. பெரிய கிராணியார் ஒரு பழைய மோரிஸ் மைனர் வைத்திருந்தார். மற்றவர்களுக்குச் சைக்கிள், கையில் கொஞ்சம் காசு புழங்கியவர்களுக்கு ஹோண்டா கப். பாகாவுக்கும் ரொம்பினுக்கும் நடுவே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், லயத்து ஆட்களில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் என் சித்தப்பா. எழுபதுகளில் வந்த டட்சன் 120 ஒய். பாகாவ் பட்டணத்தில் இரண்டு கை மாறிய வண்டி. சீட்டு எடுத்த பணமும் சித்தியின் சங்கிலியை அடகு வைத்த பணமும் சேர்ந்துதான் அது எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது.

பேருக்குத்தான் அது சித்தப்பாவின் கார். பஸ் பிடிக்க வேண்டுமானால் செம்மண் சாலையில் மூணு கட்டை நடந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். டெலிபோன் ஆபீசில் மட்டும்தான். சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டால் அதுவும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் ஒருவர் இருந்தார். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, அதற்கு மேல் போனால் கோலா பிலா, அதற்கும் மேல் என்றால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி. பிரசவ வலி கண்டவர்களும், பால் வெட்டும் கத்தி கையில் இறங்கியவர்களும், பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளும், மாரியம்மன் திருவிழாவுக்குப் பூவும் சாமானும் வாங்கப் போகிறவர்களும் சித்தப்பாவின் வாசலில்தான் வந்து நிற்பார்கள். பெட்ரோல் காசு கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று தயங்கியவர்களிடம் அவர் கேட்டதில்லை. மறுவாரம் ஒரு நாட்டுக்கோழியோ ஒரு தார் வாழைப்பழமோ சித்தியின் அடுப்படிக்கு வந்துவிடும்.

அப்பா தோட்டத்து ஸ்டோரில் என்ஜின் டிரைவர். வெளிக்காட்டிலிருந்து வரும் பாலை உறைய வைத்து, ஷீட்டாக அழுத்தும் உருளைகளை ஓட்டுவதற்கு அங்கே ஒரு பெரிய ரஸ்டன் டீசல் என்ஜின் இருந்தது. இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் செய்தது. பொழுது சாய்ந்ததும் இன்னொரு சின்ன என்ஜினை அப்பா ஓட விடுவார். லயங்களுக்கு அதிலிருந்துதான் விளக்கு. இரவு பத்து மணிக்கு அதை அவர் நிறுத்தினால் தோட்டமே இருட்டு. மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்திக்கொண்டு படிப்போம்.

என்ஜினை ஓட விடுவதற்கு முன் அப்பா செய்த வேலை ஒன்று உண்டு. அதை ஒருநாளும் விட்டதில்லை. அளவுக் கம்பியை உருவி, பழைய துணியால் துடைத்து, மறுபடி முழுதும் செருகி, மெதுவாக எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். கம்பியின் நுனியில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். பொடி நெருடுகிறதா என்று பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார், டீசல் கலந்திருந்தால் வாடையிலேயே தெரிந்துவிடும். பிறகுதான் நோட்டில் நேரத்தையும் அளவையும் எழுதிவிட்டு என்ஜினைத் தொடுவார். லீவு நாளில் நான் ஸ்டோருக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது சொல்லிக் கொடுப்பார்.

"எண்ணெய் கறுத்துப் போறது தப்பில்ல. உள்ள இருக்கிற அழுக்கை அது வாங்கிக்கிட்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம். குறையிறதுதான் தப்பு. எதனால குறையுதுன்னு கண்டுபிடிக்காம என்ஜினைத் தொடக்கூடாது."

சித்தப்பா கார் வாங்கிய நாளிலிருந்து, அவர் சாவியைக் கையில் எடுத்தாலே அப்பாவின் கேள்வி வந்துவிடும்: "ஆயில் பார்த்தாச்சா?" லயங்கள் மேட்டுச் சரிவில் இருந்தன. சரிவில் நிற்கும் காரில் அளவு பார்த்தால் கம்பி பொய் சொல்லும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கோயில் முன்னால் இருந்த சமதரைக்குக் கொண்டு போய் நிறுத்தி, எண்ணெய் அடியில் இறங்கும் வரை கொஞ்ச நேரம் விட்டு, அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பானெட்டைத் திறப்பார்கள். இவ்வளவு அக்கறையாகப் பார்த்த கார்தான் எண்ணெய் இல்லாமல் செத்தது.

அது ஆண்டுக் கடைசி, மழைக்காலம். அடுத்த லயத்துப் பெரியவர் ஒருவருக்குச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். பாகாவிலிருந்து சிரம்பான் 60 கிலோமீட்டருக்கு மேல். மலாய் ஃபாரம் படித்து எழுதத் தெரிந்தவன் என்று என்னையும் கூட அனுப்பினார்கள். விடியுமுன் கிளம்பினோம். இரவெல்லாம் பெய்த மழையில் செம்மண் சாலை அரித்துப் போய், மதகின் ஓரத்தில் கல் வெளியே தெரிந்தது. சித்தப்பா மெதுவாகத்தான் ஏற்றினார். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது அடியில் ஒரு மோதல். அவர் நிறுத்தி, இறங்கி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். அடியெல்லாம் சேறு, மழைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஒழுகினாலும் அந்தச் சேற்றில் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

பாகாவ் தாண்டி, கோலா பிலா தாண்டி வரும் வரை ஒன்றும் இல்லை. உலு பெண்டுல் கடந்து புக்கிட் புத்துஸ் மலைப்பாதை தொடங்கியது. இப்போது இருக்கும் அகலமான புதிய சாலை அப்போது கிடையாது. வளைவுக்குப் பின் வளைவாகச் சுற்றிச் சுற்றிப் போகும் பழைய பாதைதான். முதல் பெரிய வளைவில் சித்தப்பாவின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. நேர் ரோட்டுக்கு வந்ததும் இல்லை. அடுத்த வளைவில் மறுபடி எரிந்தது. ஒயர் தளர்ந்திருக்கும், இரவு மழையில் தண்ணீர் பட்டிருக்கும் என்று அவர் நினைத்தார். பின் சீட்டில் பெரியவர் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு மணி கேட்டுக்கொண்டே வந்தார். அந்த நாளை விட்டால் மறுபடி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ என்ற கவலை எங்கள் மூவருக்கும் இருந்தது.

அந்த விளக்கு வளைவில் மட்டும் ஏன் எரிந்தது என்பதைப் பின்னாளில் தொழில் கற்றபோதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியைச் சம்ப் என்கிறோம். அதன் அடியில் முங்கியிருக்கும் ஒரு சல்லடை வழியாகத்தான் பம்ப் எண்ணெயை உறிஞ்சுகிறது. எண்ணெய் குறைந்த வண்டி வளைவில் திரும்பும்போது, மிச்சமிருப்பது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். சல்லடை காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், விளக்கு எரியும். நேராக வந்தால் எண்ணெய் திரும்பி வரும், விளக்கு அணையும். வளைவில் மின்னும் சிவப்பு விளக்கு எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்த நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் என்ஜின் பிழைத்திருக்கக்கூடும்.

விளக்கு அணையாமல் நின்ற பிறகு அதிக நேரம் ஆகவில்லை. கீழிருந்து ஒரு தட்டல் சத்தம் கிளம்பியது. முதலில் லேசாக, பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் உலோகத்தை உலோகத்தால் அடிக்கும் சத்தமாக. தீய்ந்த வாடை வந்தது. சித்தப்பா ஓரங்கட்டுவதற்குள் என்ஜின் தானாகவே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் ஒரே ஒரு அடி அடித்துவிட்டு அசையாமல் நின்றது. பானெட்டைத் திறந்து அளவுக் கம்பியை உருவினார். ஈரமே இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கறை மட்டும் காய்ந்திருந்தது. சம்ப்பின் முன் விளிம்பில், கல் பட்ட இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

அந்த வழியாக வந்த ஒரு வாடகைக் காரில் பெரியவரையும் என்னையும் ஏற்றி அனுப்பிவிட்டு, சித்தப்பா மலையிலேயே வண்டியோடு இருந்தார். பெரியவருக்கு அன்றே படுக்கை கிடைத்தது. கண் நல்லபடியாகத் தெரிந்தது. கார் மறுநாள்தான், தெரிந்த லோரிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுக்க, பாகாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

எண்ணெய் போனதும் என்ஜினுக்குள் நடந்தது இதுதான். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்றால், கிராங்க்‌ஷாஃப்ட் வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. அந்த இரும்புத் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்கின்றன. நடுவில் இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டுமே. பாரம் அழுத்தும் இடத்தில் அதன் கனம் தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக மேலே ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கையைத் தள்ளிவிட்டு வந்தது. சுழலும் அச்சே எண்ணெயை உள்ளே இழுத்து, அழுத்தம் உண்டாக்கி, மேலிருக்கும் பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்பது அப்போது தெரியவந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்பவர் அதற்குக் கணக்கு எழுதினார். உலகத்தில் ஓடும் எல்லா கார் என்ஜினும் அந்தக் கணக்கின்படிதான் ஓடுகிறது. எண்ணெய் நின்றால் படலம் கிழிகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

பாகாவ் பட்டறைக்காரர் வயதான சீனர். அப்பாவை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அப்பா அவரைத் "தௌக்கே" என்பார். இருவருக்கும் பொதுவான மொழி கடைத்தெரு மலாய். லீவு போட்டுவிட்டு அப்பா போனார், நானும் போனேன். தௌக்கே அவசரப்படவில்லை. மேலே ஹெட்டைக் கழற்றவில்லை. முதலில் ஆயில் ஃபில்டரை எடுத்து, தகரத்தை வெட்டி, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துக் காட்டினார். காகிதம் முழுவதும் பொடிப்பொடியாக மின்னியது. வெள்ளி நிறத்தில் கொஞ்சம், செம்பு நிறத்தில் கொஞ்சம். "வெள்ளி நிறம் மட்டும் இருந்தா மேல்பூச்சு போச்சுன்னு அர்த்தம். செம்பு தெரிஞ்சா அடி வரைக்கும் போயிருச்சு" என்றார்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்துச் சம்ப்பைக் கழற்றினார். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் நாலு கான்ராட்டையும் ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து ஆட்டினார். மூன்றாவது ஆடியது. அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பேரிங் மெட்டலை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். பாதி வளையல் போன்ற இரண்டு மெல்லிய தகடுகள். மேலும் கீழுமாக எதிரெதிரே இருக்க வேண்டியவை சுழன்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்டிப் போயிருந்தன. வழுவழுப்பான சாம்பல் பூச்சு உருகிப் போய், கீழே செம்பு கிழிந்து தெரிந்தது. கிராங்க்கின் அந்தப் பகுதி சூட்டில் நீலம் பாய்ந்து, நகத்தை வைத்து இழுத்தால் நகம் நிற்கும் அளவுக்குக் கீறல் விழுந்திருந்தது. அப்பா வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றார். ஸ்டோர் என்ஜினில் தன் வாழ்நாளில் ஒருமுறையும் நடக்க விடாத ஒன்றைத் தம்பியின் காரில் பார்த்தார்.

தௌக்கே இரண்டு வழி சொன்னார். ஜப்பானிலிருந்து வரும் பழைய என்ஜின் ஒன்றைத் தேடி மாற்றலாம். அல்லது இதையே பிரித்து, கிராங்க்கைச் சிரம்பானில் கடைசலுக்கு அனுப்பி, 0.50 மில்லிமீட்டர் குறைத்துத் தேய்த்து, அதற்கேற்ற தடித்த மெட்டல் போடலாம். ஒரு பிஸ்டனிலும் உரசல் இருந்தது; ரிங் மாற்ற வேண்டும்; சம்ப்பை ஒட்டவைக்க வேண்டும். எந்த வழியானாலும் சித்தப்பாவின் பல மாதச் சம்பளம். மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாத நாள்கள் அதிகம். அந்த மாதங்களில் கைக்கு வரும் சம்பளமே பாதிதான்.

சித்தி யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் லயத்துப் பெண்கள் சேர்ந்து கட்டும் சீட்டில் அந்த மாதம் எடுக்க வேண்டிய முறை வேறொரு அம்மாவுடையது. மகளின் சடங்குக்கென்று அதற்காகவே காத்திருந்தவர். அவர் வந்து, "நீ எடுத்துக்க, என் முறையைக் கடைசிக்குத் தள்ளிக்கிறேன்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய இரண்டாவது பிள்ளை பிறந்தது அந்தக் காரில் கோலா பிலா போய்ச் சேர்ந்த இரவில்தான். கண் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவரின் மகன் அந்த மாதத்து ஓவர்டைம் பணத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். நான் பார்த்த வரையில், எங்கள் லயத்தில் ஒருவருக்காக எல்லோரும் இவ்வளவு சத்தமில்லாமல் கைகொடுத்தது அப்போதுதான்.

அதே என்ஜினைச் சரிசெய்வதென்று முடிவானது. அதைப் பிரித்த பிறகு கழுவும் வேலையை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். கிராங்க்குக்குள் எண்ணெய் போவதற்கென்று குறுகலான துளைகள் இருக்கின்றன. பேரிங் உருகிச் சிதறிய பொடி அந்தத் துளைகளில்தான் போய் அடைந்துகொள்ளும். கழுவாமல் பூட்டினால் புது மெட்டலும் சில வாரங்களில் போய்விடும். அப்பா பழைய சைக்கிள் பிரேக் கம்பியின் இழைகளைப் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, வெளியே வருவதை வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்த்தார். துணியில் மினுக்கம் தெரியாமல் போகும் வரை விடவில்லை. பம்ப்பையும் பிரித்துக் கழுவினார். தௌக்கே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, கூலிக்கணக்கில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார்.

கார் இல்லாத அந்த மாதங்களில்தான் அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்று தெரிந்தது. ஓர் இரவு, கீழ் லயத்துக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. டிரெஸர் ஈரத்துணி போட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வெச்சுக்க முடியாது, உடனே கொண்டு போங்க" என்றார். கிராணியார் ஊரில் இல்லை. டிராக்டர் ஓட்டுபவரை எழுப்பி, பின்னால் இருந்த டிரெய்லரில் தார்ப்பாயைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு, மழையில் மெயின் ரோடு வரை போனோம். அங்கே நின்று கை காட்டி, மரம் ஏற்றிப் போன ஒரு லோரியை நிறுத்தி, தாயையும் பிள்ளையையும் முன்னால் ஏற்றினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. காரில் போயிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் அது. எங்களுடையதைப் போன்ற தோட்டத்தில் மூன்று லிட்டர் சொச்சம் எண்ணெயின் மேல் எத்தனை உயிர் நின்றது என்பதை அன்று இரவு பார்த்தேன்.

என்ஜின் பூட்டி முடிந்த நாளில் உடனே ஸ்டார்ட் செய்ய அப்பா விடவில்லை. புது எண்ணெய் ஊற்றி, நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றச் சொன்னார். பிளக் இல்லாததால் என்ஜின் பாரமில்லாமல் சுழன்றது. பம்ப் எண்ணெயை ஏற்றியது. சிவப்பு விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் பிளக்கை மாட்டி ஓட விட்டார்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, அந்த எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். தௌக்கே சம்ப்புக்குக் கீழே ஓர் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து பூட்டினார். பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்த ஆயில் பிரஷர் மீட்டரை அப்பா டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டினார். விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம், முள் இறங்கும்போதே தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்த டட்சன் அதன் பிறகு பல ஆண்டு ஓடியது.

பள்ளி முடித்து, தொழிற்பயிற்சி பெற்று, நான் சிரம்பானில் பட்டறை வேலைக்குப் போனேன். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதே ஆண்டுகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. 1998-இல் பக்கத்துச் சிப்பாங்கில் பெரிய விமான நிலையம் திறந்தார்கள். லயங்களை விட்டு வந்தவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேறினார்கள். தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் கார் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. பழைய சாகாவையும் கஞ்சிலையும் தவணையில் வாங்கினார்கள். எண்ணெய் இல்லாமல் செத்த என்ஜின்களை நான் அதிகம் பார்த்தது அவர்களிடம்தான்.

ஓட்டை மட்டுமே காரணம் அல்ல. தேய்ந்த என்ஜின் எண்ணெயை எரிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் அதுதான். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்ஜின், 5,000 கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்து சேருமுன்பே வறண்டுவிடும். சின்ன என்ஜினில் மொத்தமே ஏறக்குறைய மூன்று லிட்டர்தான் பிடிக்கும். சர்வீஸ் சீட்டில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை மட்டும் நம்புகிறவருக்கு இது தெரியாது. இன்னொன்று, ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் மேலேயே புதிதைப் பூட்டினால், ஓடும்போது பிதுங்கி, மொத்த எண்ணெயும் ரோட்டில் போய்விடும். மூன்றாவது, சம்பளம் போதாத மாதங்களில் சர்வீஸைத் தள்ளித் தள்ளிப் போடுவது. பழைய எண்ணெய் களியாகி, அடியில் இருக்கும் சல்லடையை அடைத்துவிடும். கம்பியில் அளவு சரியாகத் தெரியும். ஆனால் மேலே எண்ணெய் ஏறாது. சாகா மாதிரி என்ஜினில் கேம்‌ஷாஃப்ட் உச்சியில் அலுமினிய ஹெட்டில் சுழல்கிறது. எண்ணெய் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. அதனால் அங்கேதான் முதலில் தின்னத் தொடங்கும்.

தவணை முடியாத கார் என்ஜின் போய் நிற்கும்போது அந்தக் குடும்பம் படும் பாட்டை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். பேங்குக்கும் கட்ட வேண்டும், ஜப்பானிலிருந்து வரும் பழைய என்ஜினுக்கும் பணம் புரட்ட வேண்டும், வேலைக்கும் போக வேண்டும். தோட்டம் தன்னுடைய என்ஜினுக்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்தது. அவர் கையில் ஒரு நோட்டும் கொடுத்திருந்தது. அதனால் அந்த ரஸ்டன் தலைமுறை தாண்டி ஓடியது. தொழிலாளியின் காருக்கு அப்படி ஓர் ஆளை யாரும் வைத்துத் தரப்போவதில்லை. அவரவர் காருக்கு அவரவர்தான் என்ஜின் டிரைவர். இதை மட்டும் என் பட்டறைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வாரத்துக்கு ஒருமுறை, சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். கம்பியில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்க்கோட்டைத் தொட்டிருந்தால் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு, எங்கே போனது என்று தேடுங்கள். நிறுத்தி வைத்த இடத்தில் தரையைப் பாருங்கள். கல்லிலோ மேட்டிலோ அடி இடித்தால், எவ்வளவு அவசரமானாலும் கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, காய்ந்த தரையில் சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டும் விளக்கு அல்ல. அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. அது வளைவில் ஒரு கணம் மின்னினாலும் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். தட்டல் சத்தம் கேட்ட பிறகு எண்ணெய் ஊற்றினால் கிழிந்த பேரிங் ஒட்டாது. அதற்குப் பின் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கிராங்க்கைத்தான் தின்னும். வண்டியை இழுத்துக்கொண்டு போக ஆகும் கூலி, கிராங்க் போனால் ஆகும் செலவில் சிறு பங்குதான். அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.